வெட்டி ஒட்டிய சொற்கள்: கேள்வியும் பதிலும்

(சொல்லாக்கம் குறித்து வடசென்னை வாசகர்கள் கேட்டவற்றுக்கு, ராயபுரத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் அளித்த பதில்கள்.)

திருவொற்றியூர் ஆசிரியை: இரு சொற்களை வெட்டி ஒட்டிய சொல்லுக்கு ‘மின்னஞ்சல்’ என்று மாணவர்கள் எடுத்துக்காட்டு எழுதுகிறார்கள். மதிப்பெண் தரலாமா ஐயா?

தர வேண்டாம் அம்மா. மின், அஞ்சல் ஆகிய இரண்டும் குறையாமல் நிற்க, ‘மி’ என்ற தனிக்குறிலை அடுத்த ‘ன்’ என்ற ஒற்று, பின்னால் உயிர் வந்ததால் இரட்டித்தது, அவ்வளவே. உங்கள் ஊர்ப்பெயரையே கரும்பலகையில் பிரித்துக் காட்டுங்கள். திரு, ஒற்றி, ஊர் என்ற மூன்றில் ஓரெழுத்தும் தொலையவில்லை. முதற்புணர்ச்சியில் வகரமும் அடுத்ததில் யகரமும், இரண்டு உயிர்களை இணைக்கும் உடம்படுமெய்யாகக் கூடுதலாகவே வந்துள்ளன.

வியாசர்பாடி கல்லூரி மாணவி: அப்படியானால் தமிழில் வெட்டி ஒட்டிய சொல்லே கிடையாதா?

உண்டு. ‘தமிங்கிலம்’ என்பதில் தமிழ் தன் இறுதி ஒற்றையும், ஆங்கிலம் தன் முதலெழுத்தையும் இழந்திருக்கின்றன. ஆயினும் எஞ்சிய துண்டுகளிலிருந்தே இரண்டையும் காது அடையாளம் கண்டுகொள்கிறது. மொழிக்கலப்பைச் சுட்ட வந்த சொல் தானே கலப்பாக நிற்பது எனக்கு மிகவும் பிடித்த குறும்பு. ‘கோலிவுட்’ அவ்வளவு தேறாது. ‘கோ’ என்ற ஓரெழுத்தைக் கேட்டவுடன் கோடம்பாக்கத்தை நினைப்பவர் எத்தனை பேர்?

தண்டையார்பேட்டை வாசகர்: தஞ்சாவூர் ‘தஞ்சை’ ஆனதும் இதே வகைதானே?

அன்று, அது மரூஉ, அதாவது வழக்கில் சிதைந்து நிலைத்த சொல். நன்னூல் என்ற இலக்கண நூல் அதை, இயல்பாக வழங்கும் சொற்களின் வகையான இயல்பு வழக்கில் சேர்க்கிறது. மலையமான் நாடு ‘மலாடு’ என்றானதில் இரு சொற்களுமே குறைந்திருப்பதால் ஐயம் எழுவது நியாயம்தான். ஆனால் அது பேசிப் பேசித் தேய்ந்தது, யாரும் திட்டமிட்டு வெட்டியதன்று.

காசிமேடு மீன் வணிகர்: நான் கூடை கட்டிச் செல்லும் ‘மோபெட்’?

ஐயமின்றி இவ்வகையே. மோட்டார், பெடல் என்ற இரண்டையும் வெட்டிச் சுவீடன் நாட்டார் ஆக்கிய சொல் அது.

பெரம்பூர் வாசகி: டிபனுக்கும் சாப்பாட்டுக்கும் இடையில் உண்பதற்கு ‘டிப்பாடு’ என்று பெயரிட்டேன். வீட்டில் சிரிக்கிறார்கள்.

அவர்கள் சிரிப்பதில் பிழையில்லை. ஆங்கிலத்தின் ‘பிரஞ்ச்’ என்ற சொல்லில் பிரேக்ஃபாஸ்ட்டின் தலையும் லஞ்சின் வாலும் தெளிவாகக் கேட்கின்றன. நீங்கள் விட்டுவைத்த ‘பாடு’ என்ற துண்டோ ஏற்பாட்டிலும் கூப்பாட்டிலும் இருப்பது. போதாததற்குத் துன்பம் என்ற பொருளும் அதற்கு உண்டு. ‘டிபன்சாப்பாடு’ என்றால் இரண்டும் தெரியும். ஆனால் அங்கே எதுவும் வெட்டுப்படாததால், அது டிபனும் சாப்பாடும் என விரியும் உம்மைத்தொகையாகிவிடும்.