நான்காம் வகுப்புக் குழந்தைக்கு வீட்டில் அறிவியலை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

உங்கள் மகள் பாடத்தை வரி பிசகாமல் ஒப்பிக்கிறாள், அதே கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் விழிக்கிறாள், வீட்டில் சோதனை செய்து காட்ட என்னென்ன வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் திண்டுக்கல் மாவட்டத்தில் ஓர் ஈராசிரியர் பள்ளியில் பத்தொன்பது ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். மூன்று, நான்கு, ஐந்து ஆகிய மூன்று வகுப்புகளும் ஒரே அறையில் என்னிடம்தான்.

எதையும் வாங்க வேண்டாம். எந்தச் சோதனையாக இருந்தாலும், செய்வதற்கு முன்னால் “என்ன ஆகும் என்று நினைக்கிறாய்?” என்று கேளுங்கள். அவள் சொல்வதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். தவறாகச் சொன்னால் திருத்தாதீர்கள், சிரிக்காதீர்கள். என் அனுபவத்தில் பாதிப் பாடம் அங்கேயே நடந்துவிடுகிறது. இதை நான் எந்தப் பயிற்சி வகுப்பிலும் கற்கவில்லை. ஒரு கூமுட்டையிடம் கற்றேன்.

எங்கள் சத்துணவுக் கூடத்தில் சமைக்கும் அக்கா, முட்டைகளை அவிப்பதற்கு முன் ஒரு குண்டான் தண்ணீரில் போட்டுப் பார்ப்பார். மிதப்பதை எடுத்துத் தனியே வைத்துவிடுவார். ஒரு நாள் மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, “கூமுட்டை மட்டும் ஏன் டீச்சர் மிதக்கிறது?” என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதற்குள் பக்கத்திலிருந்தவன், “கெட்டுப்போனால் லேசாகிவிடும்” என்றான். இன்னொருத்தி, “உள்ளே குஞ்சு மூச்சுவிட்டுக் காற்று நிரம்பியிருக்கும்” என்றாள். “ஓட்டில் ஓட்டை இருக்கும்” என்றது ஒரு குரல். கடைசிப் பெஞ்சிலிருந்து ஒருவன், “அது நீச்சல் கற்றுக்கொண்டது” என்றான். எல்லாவற்றையும் கரும்பலகையில் எழுதினேன், நீச்சல் உட்பட.

அடுத்து நான் கேட்டதுதான் கடினமான கேள்வி: இதில் எது சரி என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதிக நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அந்தச் சிறுமியே, “நல்ல முட்டையைக் கூமுட்டை ஆகிறவரை பார்த்துக்கொண்டே இருக்கலாம்” என்றாள்.

அது மார்ச் மாதம், நல்ல வெயில். கடையில் இரண்டு புது முட்டை வாங்கி, ஓட்டில் பென்சிலால் தேதி எழுதி, ஜன்னலோரம் வைத்தோம். தினமும் காலையில் ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் இறக்கிப் பார்ப்பது, நோட்டில் படம் வரைவது, துடைத்து மறுபடி வைப்பது. முதல் சில நாள் முட்டை அடியில் சுகமாகப் படுத்திருந்தது. ஒரு வாரம் கழித்து ஒரு முனை லேசாகத் தூக்கியது. பிறகு கூர்முனை கீழே, அகன்ற முனை மேலே என எழுந்து நின்றுகொண்டது. அன்று வகுப்பில் எழுந்த கூச்சலுக்குப் பக்கத்து அறை ஆசிரியர் ஓடி வந்துவிட்டார். ஏதோ பாம்பு வந்துவிட்டது என்று நினைத்தாராம்.

எடையும் பார்த்தோம். எங்கள் பக்கத்தில் மல்லிகை வியாபாரம் உண்டு. பூ வாங்குபவர் ஒருவர் கிராம் கணக்கு காட்டும் மின்தராசு வைத்திருக்கிறார். வாரம் ஒரு முறை முட்டையை எடுத்துக்கொண்டு ஊர்வலமாக அவரிடம் போவோம். முதல் நாள் 56 கிராம். இருபத்துமூன்றாம் நாள் முட்டை மிதந்தபோது 51 கிராம். முட்டை அதே அளவில்தான் இருக்கிறது, உடையவில்லை, உள்ளிருந்து யாரும் எதையும் எடுக்கவில்லை. ஐந்து கிராம் எங்கே போனது?

‘ஓட்டில் ஓட்டை’ என்று சொன்னவனுக்கு இப்போது நல்ல காலம். ஒரு புது முட்டையைச் சூடான தண்ணீரில் போட்டோம். ஓட்டின் மேல், குறிப்பாக அகன்ற முனையில், மணி மணியாகக் குமிழ்கள் கிளம்பின. முட்டை ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான துளைகள் உண்டு. அவற்றின் வழியாக உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி வெளியேறுகிறது, அந்த இடத்துக்குக் காற்று புகுகிறது. இப்படிக் காற்று சேரும் காற்றறை அகன்ற முனையில் இருப்பதால் அந்த முனை முதலில் தூக்குகிறது. இதை நான் சொல்லி முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. முதல் நாளே சொல்லியிருந்தாலும் இரண்டு நிமிடம்தான். ஆனால் அன்று கேட்டிருக்க மாட்டார்கள்.

இதைத் தொடர்ந்து வேப்பமரத்துக்கு வந்தோம். இவ்வளவு கனம் மரத்துக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், பெரியவர்கள்கூட மண்ணிலிருந்து என்றுதான் சொல்வார்கள். வான் ஹெல்மான்ட் என்ற ஐரோப்பிய விஞ்ஞானி 17ஆம் நூற்றாண்டில் இதை எடைபோட்டே பார்த்தார். தொட்டியில் சுமார் 90 கிலோ காய்ந்த மண், அதில் இரண்டேகால் கிலோ எடையுள்ள, வில்லோ என்ற மரத்தின் கன்று. 5 ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் ஏறக்குறைய 77 கிலோ ஆனது. மண்ணின் எடையோ 60 கிராம்கூடக் குறையவில்லை. ஆகவே தண்ணீரே மரமானது என்று முடிவு கட்டினார். அவர் கணக்கில் காற்று வரவே இல்லை, மரத்தின் உடம்பில் பெரும்பங்கு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடிலிருந்து வருகிறது. “அவரும் தப்பாகச் சொல்லியிருக்கிறாரா!” என்று நீச்சல் பையனுக்கு ஒரே மகிழ்ச்சி.

நானும் தப்பாகச் சொல்லியிருக்கிறேன், அதுவும் பல ஆண்டுகள். தட்டில் மெழுகுவத்தியை ஏற்றி, தண்ணீர் ஊற்றி, மேலே டம்ளரைக் கவிழ்க்கும் சோதனை உங்களுக்கும் நினைவிருக்கும். தீ அணையும், தண்ணீர் உள்ளே ஏறும். “காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன், அது எரிந்து தீர்ந்தது, அந்த இடத்துக்குத் தண்ணீர் வந்தது” என்று நானும் கிளிப்பிள்ளை போலச் சொல்லிவந்தேன். ஒரு பையன், “எரியும்போது கொஞ்சம்தானே டீச்சர் ஏறுகிறது? அணைந்த பிறகுதானே குபுக்கென்று ஏறுகிறது?” என்றான். என்னிடம் பதில் இல்லை. மறுநாள் ஒன்றுக்குப் பதில் மூன்று மெழுகுவத்தி வைத்துப் பார்த்தோம். தண்ணீர் இன்னும் உயரமாக ஏறியது. டம்ளர் அதேதான், அதிலுள்ள ஆக்சிஜனும் அதே அளவுதான். உண்மையில் சூட்டில் காற்று விரிந்து, ஒரு பகுதி டம்ளரின் விளிம்பு வழியாகக் குமிழியிட்டு வெளியேறிவிடுகிறது. தீ அணைந்ததும் மீதிக் காற்று குளிர்ந்து சுருங்குகிறது, தண்ணீர் ஏறுகிறது. ஏற்றத்துக்கு முக்கியக் காரணம் இதுதான். ஆக்சிஜன் முழுவதும் தீர்வதற்கு முன்பே தீ அணைந்துவிடும். எனக்கு அன்று வெட்கமாகத்தான் இருந்தது. இப்போது அதே சோதனையை, ‘டீச்சர் சொன்ன விளக்கத்தில் எங்கே ஓட்டை?’ என்று கேட்டு நடத்துகிறேன்.

மனப்பாடத்தை முழுக்கத் திட்டாதீர்கள். பெயர்கள் தெரிய வேண்டும், தேர்வும் எழுத வேண்டும். ஆனால் பார்த்த பிறகு பெயர் சொல்லுங்கள். சமையல் சோடாவில் வினிகர் ஊற்றிப் பொங்க வைக்கும் எரிமலை விளையாட்டு எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. பிள்ளைகள் கைதட்டுவார்கள், கேள்வி கேட்க மாட்டார்கள். அதைவிட, மஞ்சள் கறை பட்ட வெள்ளைத் துணியில் சோப்புப் போட்டதும் சிவப்பது ஏன் என்று உங்கள் மகளிடம் கேளுங்கள். ஆரத்திக்கு மஞ்சளில் சுண்ணாம்பு கலக்கிறோமே, அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று அவளே யோசிக்கட்டும். அந்தச் சிவப்பில் எலுமிச்சைச் சாறு பிழிந்தால் என்ன ஆகும் என்பதை முதலில் எழுதச் சொல்லுங்கள். பிறகு பிழியுங்கள்.

முட்டைச் சோதனையை வீட்டில் செய்தால் குளிர்பதனப் பெட்டிக்கு வெளியே வையுங்கள். தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். மிதந்த முட்டையை உடைத்துப் பார்க்க வேண்டும் என்று கட்டாயம் கேட்பாள். நாங்கள் அதைப் பள்ளிக்கூடத் திண்ணையில் உடைத்தோம். நீங்கள் தெருக்கோடிக்குப் போய்விடுங்கள்.