விரல் ஓடுகிறது, காது எங்கே?

கேள்வி: இரண்டரை வருடமாக எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறேன். கார்டுகளும் ரிதமும் ஓரளவு கைக்கு வந்துவிட்டன. மைனர் பெண்டடானிக் என்கிற ஐந்து நோட் ஸ்கேலின் ஐந்து பாக்ஸும் (கிட்டார் கழுத்தில் விரல் வைக்கிற வடிவங்கள்) மனப்பாடம். மெட்ரோனோமில் 120 வேகத்தில் (நிமிடத்துக்கு 120 தட்டு), தட்டுக்கு நான்கு நோட் வீதம் தடுமாறாமல் வாசிப்பேன். டேப் (எந்தக் கம்பியில் எங்கே அழுத்துவது என்று எண்ணால் எழுதிய குறிப்பு) பார்த்து நாலைந்து சோலோக்களும் கற்றிருக்கிறேன். ஆனால் பேக்கிங் டிராக் (பின்னணி இசைப் பதிவு) போட்டுக்கொண்டு நானாக வாசித்தால், ஸ்கேல் பயிற்சி செய்கிற மாதிரியே இருக்கிறது. ஏறுகிறேன், இறங்குகிறேன், மறுபடி ஏறுகிறேன். நண்பர்கள் ‘நல்லா வேகமா வாசிக்கிறே’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இன்னும் ஸ்கேல்களும் மோட்களும் கற்க வேண்டுமா? வேகம் போதவில்லையா? ஒலியைக் கரகரப்பாக்குகிற நல்ல டிஸ்டார்ஷன் பெடல் ஒன்று வாங்கினால் சரியாகுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பாக்ஸ் வருகிறது, மெட்ரோனோம் வருகிறது, இன்னும் வாங்காத பெடல்கூட வந்துவிட்டது. நீங்கள் சோலோ வாசிக்கிற நேரத்தில் பின்னால் எந்த கார்ட் ஓடிக்கொண்டிருக்கிறது என்ற பேச்சு மட்டும் ஓரிடத்திலும் இல்லை. கோளாறு அங்கேதான். விரலுக்கு வழி நன்றாகத் தெரிகிறது. காதைக் கேட்காமலே போய்விட்டு வந்துவிடுகிறது. நண்பர்கள் வேகத்தைப் பாராட்டியதில் தப்பில்லை. பாராட்ட வேறெதுவும் அவர்களுக்குச் சிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே புது ஸ்கேல் வேண்டாம். ஏழு நோட் கொண்ட மோட்களும் இப்போதைக்கு வேண்டாம். ஐந்து நோட்டில் பேச வராதவருக்கு ஏழு நோட் கொடுத்தால் உளறல்தான் கூடும். கொஞ்சம் கடுமையாகச் சொல்லிவிட்டேன். நானும் இதே பள்ளத்தில் வருடக்கணக்கில் கிடந்தவன் என்பதால் எடுத்துக்கொண்ட உரிமை.

நான் வாசித்த குழுவில் ஒரு டிரம்மர் இருந்தார், என்னைவிட மூத்தவர். ஓர் ஒத்திகையில் பதினாறு பார் (தாளச் சுற்று) சோலோவை முடித்துவிட்டுப் பெருமையாக அவர் பக்கம் திரும்பினேன். “எல்லாம் சரி, நடுவுல எங்கடா மூச்சு விட்டே?” என்றார். அன்று இரவு ஒத்திகைப் பதிவைப் போட்டுக் கேட்டேன். முதல் நோட்டிலிருந்து கடைசி நோட் வரை ஓர் இடைவெளி கிடையாது. கமாவும் முற்றுப்புள்ளியும் இல்லாமல் ஒருவன் ஒரே மூச்சில் ஒப்பிக்கிற மாதிரி இருந்தது. பாதியிலேயே எனக்கே அலுத்துவிட்டது.

அதனால் நீங்கள் கிட்டாரைத் தொடாமல் ஆரம்பியுங்கள். டிராக்கைப் போட்டுவிட்டு வாயால் சோலோ பாடுங்கள். ‘லா லா’ போதும். குரல் எப்படி இருந்தாலும் பரவாயில்லை, கதவைச் சாத்திக்கொள்ளலாம். ஒரு மூச்சுக்கு ஒரு வரி. பாடும்போது யாரும் ஸ்கேலை வரிசையாக ஒப்பிப்பதில்லை. ஒரே நோட்டில் நிற்போம், திடீரென்று ஒரு தாவு தாவுவோம், மூச்சு தீர்ந்ததும் நிறுத்தியே ஆக வேண்டும். விரலுக்குத்தான் மூச்சு வாங்குவதே இல்லை, அதனால்தான் அது நிற்காமல் ஓடுகிறது. பிடித்த ஒரு வரி வாயில் வந்ததும் டிராக்கை நிறுத்துங்கள். அந்த வரியைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டே ஃபிரெட்போர்டில் தேடுங்கள். நாலு நோட்டைக் கண்டுபிடிக்க முதல் வாரம் பத்து நிமிடம்கூட ஆகலாம். ஆகட்டும், அந்தத் தேடல்தான் பயிற்சி.

மறைந்த ப்ளூஸ் கிட்டார் கலைஞர் பி.பி. கிங் மேடையில் பாடும்போது கிட்டார் வாசிக்க மாட்டார். ஒரு வரி பாடுவார், நிறுத்துவார், அப்புறம் கிட்டார் அதற்குப் பதில் சொல்லும். அவருடைய பழைய மேடைப் பதிவு எதையாவது எடுத்து, குரல் முடிகிற இடத்தையும் கிட்டார் தொடங்குகிற இடத்தையும் மட்டும் கவனித்துக் கேளுங்கள். எத்தனை நோட் வாசிக்கிறார் என்று எண்ணினால் ஆச்சரியப்படுவீர்கள்.

இனி கார்ட். இதில் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொள்கிறேன், உங்களுக்கு அதிகம் பயன்படப்போவது இதுதான்.

ஏ மைனர், எஃப், சி, ஜி என்று சுற்றி வருகிற மெதுவான டிராக் ஒன்று வேண்டும். 70 வேகம் போதும், கார்டுக்கு இரண்டு பார். நீங்களே ரிதம் வாசித்து ஃபோனில் பதிவு செய்துகொண்டால் இன்னும் நல்லது. கார்ட் எப்போது மாறும் என்பது உடம்புக்கே தெரிந்துவிடும். உங்களுக்குப் பழக்கமான ஐந்தாவது ஃபிரெட் (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகப் பட்டை) பாக்ஸில் ஏ, சி, டி, இ, ஜி என்று ஐந்து நோட்டுகள் இருக்கின்றன. நான்கு கார்டுக்கும் இந்த ஐந்தில் எதை வாசித்தாலும் தப்பில்லை. தப்பில்லை என்பதுதான் தொல்லையே. எது வந்தாலும் ஒட்டிக்கொள்வதால், எங்கே நிற்க வேண்டும் என்று காது யோசிப்பதே கிடையாது.

இரண்டாவது கம்பியில், அதாவது பி கம்பியில், ஐந்தாவது ஃபிரெட்டை அழுத்துங்கள். அது இ. ஏ மைனர் ஓடும்போது அதை அப்படியே நீட்டிப் பிடியுங்கள். நிம்மதியாக உட்கார்ந்திருக்கும், ஏனென்றால் ஏ, சி, இ என்கிற மூன்றும் சேர்ந்ததுதான் ஏ மைனர். இப்போது கார்ட் எஃப்புக்கு மாறுகிறது. விரலை எடுக்காமல் அதே இ-யை ஒலிக்க விடுங்கள். நோட் நிலைகொள்ளாமல் எங்கேயோ போகத் துடிக்கிறது, கேட்கிறதா? ஒரே ஒரு ஃபிரெட் தள்ளி ஆறாவதுக்குச் சறுக்குங்கள். அது எஃப், உங்கள் பாக்ஸில் இல்லாத நோட். வீடு வந்து சேர்ந்த மாதிரி இருக்கும். சி கார்ட் வந்ததும் திரும்ப ஐந்தாவது. அதே பழைய இ-தான், ஆனால் இப்போது சி மேஜரின் மூன்றாம் நோட் என்பதால் நிறமே வேறு. ஜி-க்கு மூன்றாவது ஃபிரெட்டுக்கு இறங்கினால் டி கிடைக்கும். இல்லையென்றால் மூன்றாவது கம்பியின் நான்காவது ஃபிரெட்டில் பி இருக்கிறது. அந்த பி-யும் பாக்ஸுக்கு வெளியேதான். ஆனால் ஜி கார்டை மேஜர் ஆக்குவதே அதுதான்.

நாலு ஃபிரெட் அகலத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கார்ட் மாறுகிற முதல் தட்டில் சரியான நோட்டில் வந்து இறங்குவது மட்டுமே ஒரு வாரத்துக்கு வேலை. நடுவில் உங்கள் பெண்டடானிக்கை எப்படி வேண்டுமானாலும் வாசித்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு நாள் தட்டு வந்து போன பிறகுதான் விரல் போய்ச் சேரும். பின்பு திடீரென்று ஒரு நாள், கார்ட் மாறப் போகிறது என்று காது அரைப் பார் முன்பே சொல்லும். டிராக்கை நிறுத்திவிட்டு வாசித்தாலும் கார்ட் மாறுவது கேட்பவருக்குப் புரிந்தால் தேறிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

பழகுபவர்களின் சோலோ பெரும்பாலும் கெட்டுப்போகிற இன்னோர் இடம் பெண்ட், அதாவது கம்பியைத் தள்ளி வளைத்து சுருதியை ஏற்றுவது. கடிதத்தில் அதைப் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை, ஆனாலும் சந்தேகப்படுகிறேன். மூன்றாவது கம்பியின் ஏழாவது ஃபிரெட்டில் இருப்பது டி. அதை ஒரு முழு டோன் (இரண்டு ஃபிரெட் தூரம்) வளைத்தால் இ ஆக வேண்டும். அந்த இ ஏற்கெனவே பக்கத்திலேயே, இரண்டாவது கம்பி ஐந்தாவது ஃபிரெட்டில் இருக்கிறது. முதலில் அதை வாசித்துக் காதில் வாங்கிக்கொண்டு பிறகு வளையுங்கள். இரண்டையும் சேர்த்தே ஒலிக்க விட்டால் ஏமாற்றவே முடியாது. சுருதி சேராதவரை ஒலியில் ஒரு துடிப்பு இருக்கும். நெருங்க நெருங்க அது மெதுவாகி, சேர்ந்ததும் நின்றுவிடும். கொஞ்சம் குறைவாக வளைத்து நிறுத்துவதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. அந்த ஒரு அபசுரம் போதும், நூறு சரியான நோட்டை மறக்கடித்துவிடும்.

மோதிர விரல் ஒன்றால் மட்டும் தள்ளாதீர்கள். அதே கம்பியில் நடுவிரலும் ஆள்காட்டி விரலும் பின்னால் துணைக்கு நிற்கட்டும். கட்டைவிரல் கிட்டாரின் கழுத்துக்கு மேலாக வந்து பற்றிக்கொள்ளட்டும். கதவுக் குமிழைத் திருப்புவதைப் போல மணிக்கட்டு திரும்ப வேண்டும், விரல் மூட்டு பாவம் அத்தனை வேலை செய்யாது. வாசிக்காத கம்பிகள் முனகாமல் இருக்க, தடித்த கம்பிகள் மேல் வலது உள்ளங்கையின் ஓரம் லேசாகப் படிந்திருக்கட்டும்.

நீட்டிப் பிடித்த நோட்டை அசைத்து நடுங்க வைக்கிற வைப்ராட்டோவும் இதே மணிக்கட்டு வேலைதான். நோட்டைத் தொட்டவுடனே நடுக்காதீர்கள். ஒரு கணம் நேராக நிற்க விட்டு, பிறகு மெதுவாக, ஒரே அகலத்தில் அசையுங்கள். கம்பி மேல் குழாயைச் சறுக்கி வாசிக்கிற ஸ்லைடு கிட்டாரின் ஒலியை வெறும் விரலால் கொண்டுவர முயன்றதில்தான் தன் வைப்ராட்டோ வந்தது என்று பி.பி. கிங் சொல்லியிருக்கிறார். ஒருவர் வாசிப்பை இரண்டு நொடியில் அடையாளம் கண்டுபிடிக்க முடிகிறதென்றால், என்னைக் கேட்டால், அது பெரும்பாலும் வைப்ராட்டோவால்தான்.

அப்புறம், ஒரு நல்ல வரி வாய்த்ததும் அடுத்ததைத் தேடி ஓடாதீர்கள். அதையே இன்னொரு முறை வாசியுங்கள், கடைசி நோட்டை மட்டும் மாற்றி. மூன்றாவது முறை அரைத் தட்டு தள்ளித் தொடங்குங்கள். கேட்பவர் முதல் முறை கவனிக்கிறார், இரண்டாவது முறை அடையாளம் காண்கிறார், மூன்றாவது முறை எதிர்பார்க்கிறார். அந்த எதிர்பார்ப்பை நிறைவேற்றுவதா ஏமாற்றுவதா என்பது உங்கள் கையில். இரண்டு பார் வாசித்தால் இரண்டு பார் சும்மா இருங்கள். சும்மா இருக்கிற நேரத்தில் வலது கையைத் தொடைமேல் வைத்துவிடுங்கள், கம்பி அருகில் வைத்திருந்தால் அது சும்மா இருக்காது.

டேப் பார்த்துக் கற்ற சோலோக்களைப் பற்றி ஒரு வார்த்தை. அது வீண் இல்லை, ஆனால் டேப் என்பது விரலுக்கு எழுதிய விலாசம். அடுத்த சோலோவை டேப் இல்லாமல் எடுங்கள். முழுதும் வேண்டாம், நாலு பார். வேகத்தைப் பாதியாகக் குறைத்துக் கேட்டு, முதலில் பாடத் தெரிய வேண்டும், பிறகுதான் கிட்டார். எந்த நோட் என்பதோடு, எந்த இடத்தில் சறுக்கினார், எந்த நோட்டைப் பிக் அடிக்காமல் இடது கை விரலால் தட்டி ஹாமர் செய்தார், தட்டுக்குக் கொஞ்சம் பின்தங்கி வந்தாரா என்பதெல்லாம் காதுக்குத்தான் கிடைக்கும். அப்படி எடுத்த நாலு பாரை வேறு சுருதியில், வேறு டிராக்கில் ஒட்டிப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் என்ன செய்கிறீர்களோ அதிலிருந்து உங்கள் சொந்த வரி தொடங்கும்.

வேகம் கேட்டிருந்தீர்கள். 120-இல் தட்டுக்கு நாலு நோட் என்பது தாராளமாகப் போதும். ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட் கதை தெரியுமோ என்னவோ. 1928-இல் அவருடைய கேரவனில் தீப்பிடித்ததில் இடது கையின் மோதிர விரலும் சுண்டுவிரலும் முடங்கிப்போயின. அதற்குப் பிறகு சோலோக்களைப் பெரும்பாலும் மிச்சமிருந்த இரண்டு விரல்களால்தான் வாசித்தார், அதுவும் அசுர வேகத்தில். உங்களிடம் நாலு விரலும் இருக்கின்றன. வேகத்தை இன்னும் ஏற்றியே தீர வேண்டுமென்றால் மூன்று முறை சுத்தமாக வந்த பிறகு மெட்ரோனோமில் நாலு புள்ளி ஏற்றுங்கள், பிசிறினால் இறங்கிவிடுங்கள். ஆனால் தினம் ஐந்து நிமிடத்துக்கு மேல் அதற்குக் கொடுக்காதீர்கள். மணிக்கட்டில் வலியோ விரலில் மரத்துப்போன உணர்வோ வந்தால் அன்றைக்கு அதோடு வைத்துவிட வேண்டும், பல்லைக் கடித்துக்கொண்டு தொடரக் கூடாது.

வாரம் ஒரு சோலோவை ஃபோனில் பதிவு செய்யுங்கள். உடனே கேட்காதீர்கள், அப்போது விரல் பட்ட பாடுதான் நினைவிருக்கும். மறுநாள், கையில் கிட்டார் இல்லாமல், யாரோ வாசித்ததைக் கேட்கிற மாதிரி கேளுங்கள். எந்த இடத்தில் கவனம் வேறெங்கோ போனதோ அந்த நொடியை மட்டும் குறித்துவைத்தால் போதும்.

பெடல்? இரண்டு மாதம் பொறுங்கள். டிஸ்டார்ஷன் நோட்டை நீட்டித் தரும், பலமாக அடித்ததற்கும் மெல்லத் தொட்டதற்கும் உள்ள வித்தியாசத்தை அமுக்கிவிடும். நீங்கள் இப்போது கேட்க வேண்டியதே அந்த வித்தியாசத்தைத்தான். க்ளீன் சவுண்டில் ஒரு நோட்டை நாலு விதமாக அடிக்கப் பழகிய பிறகு வாங்கினால் பெடலும் உங்கள் பேச்சைக் கேட்கும். கை அரித்தால் வேண்டுமானால் கம்பியை மாற்றுங்கள். இப்போது 10-46 செட் (மெலிந்த கம்பி, தடித்த கம்பி இரண்டின் தடிமன் எண்கள்) போட்டிருந்தால் 9-42 போட்டுப் பாருங்கள், பெண்ட் செய்ய நன்றாகவே இளகிக் கொடுக்கும். கம்பி மெலிதானால் இழுவிசை குறையும், அதனால் கழுத்தின் வளைவையும் பிரிட்ஜையும் கொஞ்சம் சரிபார்க்க வேண்டி வரலாம். புதுக் கம்பி முதல் ஒன்றிரண்டு நாள் சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும், கிட்டாரைச் சந்தேகப்படாதீர்கள். கம்பியை விரலால் மெல்ல இழுத்துவிட்டு மறுபடி டியூன் செய்தால் சீக்கிரம் நிலைத்துவிடும்.