ஆத்தா சொன்ன வாடை

கேள்வி: காரைக்குடிப் பக்கம் எங்கள் ஊர். எரிவாயு, எண்ணெய்க் குழாய்களில் விபத்து நடந்தால் காரணம் கண்டறியும் பொறியாளர் வேலை. மாதத்தில் பாதி நாள் வெளியூர். மனைவியும் மகளும் சென்னையில். ஆத்தா ஊரில் பெரிய வீட்டில் தனியாக இருக்கிறார்கள், சென்னைக்கு வர மறுக்கிறார்கள். 'வேலையா, குடும்பமா, முடிவு பண்ணுங்க' என்கிறாள் மனைவி. வேலையை விட்டுவிட்டு ஊர்ப்பக்கம் ஒரு கல்லூரியில் சேரலாமா? சம்பளம் பாதிதான். நேரமே இல்லை. போன முறை ஊருக்குப் போனபோது அடுப்படியில் கேஸ் வாடை வருகிறது என்று ஆத்தா சொன்னார்கள், அதைக்கூடப் பார்க்காமல் கிளம்பிவிட்டேன். அவர்களுக்கும் வயதாகிவிட்டது, மூக்கும் முன்போல இல்லை. சிலிண்டர் பக்கத்து அறையில்தான் இருக்கிறது, சுவரில் துளை போட்டு டியூப் இழுத்திருக்கிறோம். நிம்மதியில்லை. வழி சொல்லுங்கள்.
பெயர் வேண்டாம், சிவகங்கை மாவட்டம்

பதில்: தம்பி, வேலையா குடும்பமா என்ற கேள்வி இந்தப் பகுதிக்கு வாரம் தவறாமல் வருகிறது. அதற்குப் பிறகு வருகிறேன். உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி இருக்கிறது. அதைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. ஏஜென்சியை வரவழைக்கச் சொல்லிக் கடிதம் கிடைத்த அன்றே உங்களுக்குத் தனியாகத் தகவல் அனுப்பினோம். ஆனாலும் இங்கே எழுதுகிறேன். உங்களைப் போன்ற பிள்ளைகள் நிறையப் பேர் படிக்கிறார்கள்.

விபத்து நடந்த இடத்தில் நீங்கள் முதலில் கேட்பது என்ன? வாடையை முதலில் உணர்ந்தது யார், யாரிடம் சொன்னார், கேட்டவர் என்ன செய்தார் என்பதுதானே? உங்கள் வீட்டுக்கான பதிலை நீங்களே எழுதி அனுப்பிவிட்டீர்கள். ஆத்தா உணர்ந்தார்கள், மகனிடம் சொன்னார்கள், மகன் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

2010 ஜூலையில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், மார்ஷல் என்ற ஊருக்குப் பக்கத்தில் 30 அங்குல எண்ணெய்க் குழாய் பிளந்தது உங்களுக்குத் தெரியாததல்ல. அன்று இரவே மக்கள் வாடை வருகிறது என்று அவசர எண்ணுக்குச் சொல்லிவிட்டார்கள். தீயணைப்புக்காரர்கள் வந்து தேடியும் இடம் பிடிபடவில்லை. கட்டுப்பாட்டு அறையில் எச்சரிக்கை மணி அடித்தது. குழாய்க்குள் எண்ணெய்த் தொடர் விட்டுப்போய் நடுவே இடைவெளி விழுந்ததால் வரும் மணி என்று முடிவுகட்டி, இரண்டு முறை மறுபடி பம்பை ஓட்டினார்கள். உண்மை தெரிய 17 மணி நேரம் ஆனது. அதுவும் வெளியாள் ஒருவர் கூப்பிட்டுச் சொன்ன பிறகு. அந்த அறையில் இருந்தவர்களுக்குக் கையில் கிடைத்த சமாதானம் 'எண்ணெய்த் தொடர்'. உங்களுக்குக் கிடைத்தது 'வயதாகிவிட்டது'.

அந்தச் சமாதானம் தலைகீழானது. வயதானால் மூக்கு மந்தமாகும், சரி. மந்தமான மூக்குக்கே எட்டுகிறது என்றால் கசிவு அதிகம் என்றுதானே கணக்கு? இன்னொன்றும் உங்களுக்குத் தெரியும். அதே வாடையில் தொடர்ந்து இருந்தால் மூக்கு பழகிப்போய் உணர்வதை நிறுத்திவிடும். 'இப்போ வாடை இல்லப்பா' என்று ஆத்தா போனில் சொன்னால் அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். 1937-ல் டெக்சாஸில் நியூ லண்டன் பள்ளி வெடித்துச் சுமார் 300 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். அந்த வாயுவுக்கு வாடையே கிடையாது. அதற்குப் பிறகுதான் வாயுவில் நாற்ற மருந்து கலப்பதைச் சட்டமாக்கினார்கள். அவ்வளவு விலை கொடுத்து வந்த எச்சரிக்கையை உங்கள் ஆத்தா சரியாகக் கேட்டுச் சரியான ஆளிடம் சொன்னார்கள்.

நீங்கள் பழகியது இயற்கை எரிவாயு, அது மேலே போய்விடும். வீட்டு சிலிண்டரில் இருப்பது காற்றைவிடக் கனம், தரையோடு படியும். வளவு, அதாவது நடுமுற்றம், வானம் பார்த்துத் திறந்திருக்கிறது, வீடு பெரிது, காற்று அள்ளிக்கொண்டு போய்விடும் என்று நினைக்க வேண்டாம். அடுப்படி பின்கட்டில். சுற்றிலும் பங்காளிகள் பூட்டிவைத்த அறைகள். வாசற்படி இடுக்கிலும், மழைத்தண்ணீர் போகும் மடையிலும் அது இறங்கி நிற்கும். காற்றில் நூற்றுக்கு 2 பங்கு இருந்தாலே பற்றும். சாமி விளக்கு போதும். ஆள் தொடாமலே தானாக ஓடி நிற்கும் ஃபிரிட்ஜ் போதும்.

அந்தச் சுவர்த் துளையைப் பற்றி என்ன சொல்ல? உங்களுடைய அறிக்கையில் இப்படி ஒன்று வந்தால் சிவப்பு மையில் கோடு போட மாட்டீர்களா? துளையின் விளிம்பில் ரப்பர் உராயும், எலி கடித்தாலும் கண்ணில் படாது. சிலிண்டர் அறையை மூடி வைத்திருந்தால் வாடை அடுப்படிக்கு வருவதற்குள் அங்கே நிறைந்திருக்கும். டியூப் ஒன்றரை மீட்டருக்கு மேல் போகக் கூடாது, முழுக்கக் கண்ணுக்குத் தெரிய வேண்டும், 5 வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். உங்கள் வீட்டு டியூபில் என்ன வருடம் அச்சிட்டிருக்கிறது? துருப்பிடிக்காமல் காக்கும் மைனஸ் 850 மில்லிவோல்ட் மின் பாதுகாப்பு இல்லாமல் குழாய் எத்தனை மாதம் மண்ணில் கிடந்தது என்று பழைய பதிவேட்டையெல்லாம் புரட்டுகிறவர் நீங்கள். உடைந்த இரும்பில் விரல் படவிட மாட்டீர்கள், இரண்டு துண்டையும் பொருத்திப் பார்க்க விட மாட்டீர்கள், வெட்டும் முன்பே வாயு ஓடிய திசையைக் குறிக்கச் சொல்வீர்கள். அந்தக் கவனத்தில் கால் பங்கு பெற்றவளுக்கு இல்லையா?

இனி செய்ய வேண்டியது. முதலில் ஆத்தாவுக்குப் போன் போட்டு, வாடை எப்போது வருகிறது என்று கேளுங்கள். காலையில் அடுப்படிக் கதவைத் திறந்ததும், அடுப்பைத் தொடும் முன்பே வந்தால், ராத்திரி ரெகுலேட்டரை மூடாமலும் விட்டிருந்தால், கசிவு டியூபிலோ ரெகுலேட்டரிலோ அடுப்புக் குமிழிலோ இருக்கிறது. அடுப்பு எரியும்போது மட்டும் வந்தால் பர்னரிலும் குமிழிலும் பார்க்க வேண்டும். ரெகுலேட்டரை மூடிய பிறகும் வந்தால் சிலிண்டர் வால்விலேயே கோளாறு. அப்போது ரெகுலேட்டரைக் கழற்றி, மூடியைப் போட்டு, சிலிண்டரை வெட்டவெளியில் வைக்க வேண்டும். அதை ஆத்தா செய்யக் கூடாது, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

வாடை வந்தால் எந்த சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு முகப்புக்கு வந்துவிட வேண்டும். வெளியே வந்த பிறகுதான் போன். எண் 1906, இரவும் பகலும் எடுப்பார்கள். இதைப் பெரிய எழுத்தில் எழுதி அடுப்படிக்கு வெளியே ஒட்டுங்கள். சுவர் தாண்டித்தான் வர வேண்டும் என்றால் ஏஜென்சி மெக்கானிக்கை வைத்துச் செம்புக் குழாய் போடுங்கள், ரப்பர் டியூப் இரு முனையில் மட்டும் இருக்கட்டும்.

வேலை விஷயம். விட வேண்டாம். ஊரோடு இருந்துகொண்டே பெற்றவள் சொல்வதைக் காதில் வாங்காத பிள்ளைகள் செட்டிநாட்டில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். பாதிச் சம்பளத்தில் அந்தக் கூட்டத்தில் போய்ச் சேர்வதால் யாருக்கு லாபம்? உலோகம் துருப்பிடிக்கும் அரிமானம் தெரிந்தவர் நீங்கள், ஊர் திரும்பும் எண்ணம் உண்மையென்றால் 1953-லிருந்து காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமான சிக்ரியில் என்ன வாய்ப்பு என்று நிதானமாக விசாரியுங்கள். ஆத்தாவைச் சென்னைக்கு இழுக்காதீர்கள். அது அவர்கள் வீடு, அங்கே இருப்பது அவர்கள் உரிமை. அந்த வீட்டை ஆபத்தில்லாமல் வைத்திருப்பது மகனின் கடமை, அதற்கு விடுப்பு கிடையாது. மனைவி கேட்டதிலும் தப்பில்லை. மாதம் இரண்டு நாள் குடும்பத்தோடு ஊர் என்று அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

முதல் இரண்டு நாள் இந்த வாரமே. பல்லவனில் மூன்று பேருக்கும் டிக்கெட் போடுங்கள். கதவு ஜன்னலெல்லாம் திறந்து, வாடை துளியும் இல்லை என்று உறுதியான பிறகு, அடுப்புக் குமிழ்களை மூடி ரெகுலேட்டரைத் திறந்து, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். நீங்கள் தடவும்போது ரெகுலேட்டரில் கை வைத்துக்கொண்டு பக்கத்து அறையில் இன்னொருவர் நிற்க வேண்டும். உங்கள் மனைவியை நிற்கச் சொல்லுங்கள்.