அடையாள அட்டையும் 61ஆம் நாளும்

கேள்வி: அண்ணா, நான் கம்பஸில் மூன்றாம் வருடம். அடையாள அட்டை இலக்கத்தைக் கொடுத்தால் பிறந்த திகதி, வயது, ஆணா பெண்ணா என்று ஜேசனில் திருப்பித் தரும் ஒரு ஓப்பன் சோர்ஸ் ஏபிஐக்கு (வேறு புரோகிராம்கள் கேள்வி அனுப்பிப் பதில் வாங்கும் சேவை) ஓய்வு நேரத்தில் கோட் எழுதிக் கொடுக்கிறேன். பைத்தன், ஃபாஸ்ட்ஏபிஐயில் எழுதியது. கோட் சரியாக ஓடுகிறதா என்று தானாகப் பார்க்கும் டெஸ்ட் ஒன்றுகூட இல்லை, ஒன்றைத் திருத்தினால் இன்னொன்று உடைகிறது. டெஸ்ட் போடுவோம் என்றால் "குறைந்தது 80 வீதம் கவரேஜ் வேண்டும்" என்று நண்பி பயமுறுத்துகிறாள். எங்கே தொடங்குவது?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: அந்த 80 வீதத்தை ஒரு பக்கம் வையுங்கள் தங்கச்சி. டெஸ்ட் ஓடும்போது எந்தெந்த வரிகளுக்குள் போய் வந்தது என்ற கணக்குத்தான் கவரேஜ், அந்த வரி சரியான விடை தந்ததா என்று அதற்குத் தெரியாது. முன்பு நான் வேலை செய்த ஒரு கொம்பனியில் இருநூறுக்கு மேல் டெஸ்ட்கள், எப்போது ஓடவிட்டாலும் எல்லாம் பச்சை, அதாவது பாஸ், நாங்களும் நிம்மதியாகத் தேத்தண்ணி குடித்துக்கொண்டு இருந்தோம். ஒருநாள் திறந்து பார்த்தால் பாதிக்கு மேல் 'எல்லாம் சரி' என்று சொல்லும் ஸ்டேட்டஸ் கோட் 200 வருகிறதா என்று மட்டும்தான் பார்க்கின்றன. எங்கள் ஏபிஐயோ பிழைச் செய்தியையும் 200 போட்டே அனுப்பிக்கொண்டிருந்தது!

ஆகவே எண்ணிக்கையை விடுங்கள். கிட்ஹப்பில் உங்கள் புரொஜெக்டின் இஷ்யூக்களைத் திறந்து, ஆட்கள் ஏற்கெனவே முறையிட்ட ஒரு பிழையை எடுங்கள். "பிறந்தநாள் ஒரு நாள் தள்ளி வருகிறது" என்று யாராவது எழுதியிருந்தால் நல்லது, எழுதாவிட்டாலும் அந்தப் பிழை அங்கே ஒளிந்திருக்க நிறைய வாய்ப்புண்டு. இலங்கை அடையாள அட்டை இலக்கத்தில் ஆண்டுக்கு அடுத்த மூன்று இலக்கங்கள் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதைக் காட்டும், பெண்கள் என்றால் அதோடு 500 கூடும், இது உங்களுக்குத் தெரிந்ததுதான். பலர் கோட்டைவிடுவது, அந்தக் கணக்கில் எல்லா ஆண்டுக்கும் பெப்ரவரிக்கு 29 நாள் என்பதை. 1985 மார்ச் 1இல் பிறந்த ஆணுக்கு 061, பெண்ணுக்கு 561. ஆனால் பைத்தனில் 1985 ஜனவரி 1ஓடு 60 நாளைக் கூட்டினால் மார்ச் 2 வரும். லீப் வருடக்காரருக்கும் ஜனவரி, பெப்ரவரிக்காரருக்கும் சரியாகவே வரும் என்பதால், எழுதியவர் தன் இலக்கத்தைப் போட்டுப் பார்த்துவிட்டு 'ஓகே' என்று போயிருப்பார்.

இதுதான் உங்கள் முதல் டெஸ்ட். டெஸ்ட்களை ஓட்டும் பைடெஸ்டும், ஃபாஸ்ட்ஏபிஐயின் டெஸ்ட்கிளையன்ட்டுக்குத் தேவையான ஹெச்டிடிபிஎக்ஸும் இன்ஸ்டால் செய்யுங்கள். டெஸ்ட்கிளையன்ட் சேர்வரைக் கிளப்பாமலே உங்கள் ஏபிஐக்கு ரிக்வெஸ்ட் அனுப்பும். 85இல் தொடங்கி 061 வரும் ஒரு இலக்கத்தை அனுப்பி, பதிலில் 1985-03-01 இருக்கிறதா என்று கேளுங்கள். ஓடவிட்டால் சிவப்பாக விழ வேண்டும். அந்தச் சிவப்பைக் கண்ணால் பார்க்காமல் கோடில் கை வைக்காதீர்கள், ஒருபோதும் விழாத டெஸ்ட் எதைக் காவல் காக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பிறகு திருத்துங்கள், பச்சையாகும்.

அப்புறம் அதைச் சுற்றியுள்ள மூலைகளுக்குப் போங்கள். 1985க்கு 060 என்று வந்தால்? அது இல்லாத பெப்ரவரி 29, ஆகவே 'அனுப்பியது பிழை' என்று சொல்லும் ஸ்டேட்டஸ் கோட் 400 அல்லது 422 வர வேண்டும், சேர்வரே தடுமாறியதைக் காட்டும் 500 வந்து விழக் கூடாது. 366க்கும் 501க்கும் நடுவில் ஒரு எண், 866க்கு மேல் ஒரு எண், பழைய இலக்கத்தின் கடைசியில் வரும் பெரிய ஆங்கில வீக்குப் (V) பதில் சின்ன வீ (v). 2016இல் வந்த 12 இலக்க முறையிலும் பழைய முறையிலும் ஒரே ஆளின் இலக்கத்தைக் கொடுத்தால் ஒரே விடை வருகிறதா என்பதையும் பாருங்கள். ஒரே டெஸ்டைப் பல இலக்கங்களோடு ஓட்டும் பைடெஸ்டின் பாராமெட்ரைஸ் தெரிந்தால் இவ்வளவும் ஒரே ஃபங்ஷன்தான். உள்ளே இருக்கும் ஃபங்ஷன்களுக்குத் தனித்தனியாக எழுதப் போகாதீர்கள், இப்போதைக்கு. வெளியிலிருந்து ரிக்வெஸ்டாகப் போகும் டெஸ்ட், நாளைக்கு உள்ளே எல்லாவற்றையும் பிரித்து மாற்றினாலும் அப்படியே நிற்கும்.

ஒன்று மறக்க வேண்டாம், அம்மாவின் இலக்கத்தையோ நண்பியின் இலக்கத்தையோ டெஸ்டில் போடாதீர்கள். திறந்த ரெபோ, பிறகு அழித்தாலும் கிட் வரலாற்றில் கிடக்கும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வேறு இருக்கிறது.

வயதுக்கு டெஸ்ட் எழுதும்போது 'இன்று' என்பதைக் கோடே எடுக்க விடாமல் வெளியிலிருந்து கொடுங்கள். டெஸ்டைத் தானாக ஓட்டித் தரும் கிட்ஹப் ஆக்ஷன்ஸின் மெஷின்கள், நம் நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் பின்னால் இருக்கும் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடுகின்றன, இங்கே விடிகாலை ஐந்து மணி என்றால் அங்கே இன்னும் நேற்று. அந்த ஐந்தரை மணித்தியாலத்தைக் கையால் கூட்டவும் வேண்டாம். நம் நாடு 1996இல் இரண்டு தடவை கடிகாரத்தை மாற்றி, 2006இல்தான் பழைய நேரத்துக்குத் திரும்பியது, அந்தக் கதையெல்லாம் 'ஏஷியா/கொழும்பு' டைம்சோனுக்குத் தெரியும்.

உங்கள் மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லி அனுப்பும் முதல் புல் ரிக்வெஸ்டில் ஒரு டெஸ்ட் ஃபைல், அந்த ஒரு திருத்தம், ஒவ்வொரு புஷ்ஷுக்கும் டெஸ்டை ஓட்டும் ஒரு வேர்க்ஃப்ளோ ஃபைல், அவ்வளவுதான். கோடை அழகுபடுத்தும் வேலையை அதோடு சேர்த்தால் புரொஜெக்டைப் பராமரிக்கும் மெயின்டெய்னர் பார்க்கவே தயங்குவார்.

கேள்வி: டெஸ்ட்களை ஏஐயிடம் கொடுத்து எழுதுவிக்கலாமா?
– வாசகர், தெஹிவளை

பதில்: எழுதுவிக்கலாம். ஆனால் வெறும் கோடை மட்டும் கொடுத்து 'இதற்கு டெஸ்ட் எழுது' என்றால், கோட் இப்போது என்ன செய்கிறதோ அதையே சரி என்று எடுத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. மேலே வெள்ளவத்தைத் தங்கச்சியின் கோடைக் கொடுத்தால், 061க்கு மார்ச் 2 என்று எழுதி அதையும் பச்சையாக்கிவிடலாம். மார்ச் 1 என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.