29 வயதில் பெற்றோர் வீட்டில்: வெட்கப்பட என்ன இருக்கிறது?

"29 வயதாகியும் அம்மா அப்பாவோடுதான் இருக்கிறேன், வெட்கமாக இருக்கிறது" என்று எழுதியிருந்தீர்கள். வெட்கத்தை ஓரமாக வையுங்கள். 2022 கணக்குப்படி வீட்டை விட்டுப் போகும் சராசரி வயது ஃபின்லாந்தில் 21, குரோஷியாவில் 33. அமெரிக்காவில் 2020 ஜூலையில் 18 முதல் 29 வயதுக்காரர்களில் பாதிக்கு மேல் பெற்றோருடன்தான் இருந்தார்கள். (கொரோனா காலம், சரி, ஆனால் 1940-லும் கிட்டத்தட்ட பாதிப்பேர்.)

உங்கள் உண்மையான சிக்கல் நீங்கள் எழுதியதன் கடைசி வரியில் இருக்கிறது: இரவு தாமதமானால் அப்பா வாசலிலேயே நிற்கிறார். முதலில் மாதாமாதம் வீட்டுச் செலவுக்கு ஒரு தொகை கொடுங்கள், ஏதாவது ஒரு பொறுப்பை முழுதாக எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் பேசுங்கள். நேரமாகும் என்றால் அவர் கேட்பதற்கு முன்பே ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள். நான் அப்படிச் செய்த பிறகுதான் என் அப்பா நேரத்துக்குத் தூங்கப் போனார்.