பழைய பைன் விளக்கு: வார்னிஷ் வேண்டாம், பல்பை மாற்றுங்கள்

கேள்வி: சுவீடனின் மால்மோ நகரில் வசிக்கிறேன். பழைய பொருள் சந்தையில் மெல்லிய மரச்சீவல் பட்டைகளால் ஆன தொங்குவிளக்கு ஒன்று வாங்கினேன். உள்ளே ‘ஹான்ஸ்-ஆக்னே யாகோப்சன், மார்காரிட்’ என்ற ஸ்டிக்கர் இருக்கிறது. மரம் பழுப்பேறிவிட்டது. தேய்த்து வார்னிஷ் அடிக்கலாமா? எந்த பல்பு நல்லது?

பதில்: தயவுசெய்து உப்புத்தாளைக் கையில் எடுக்காதீர்கள். யாகோப்சன் 1951-இல் நிறுவனம் தொடங்கி, பிறகு சுவீடனின் ஸ்மோலாந்து பகுதியிலுள்ள மார்காரிட் ஊரில் விளக்குகள் செய்தவர். பல்பு கண்ணில் படக்கூடாது, வெளிச்சம் மட்டும் வர வேண்டும் என்பதே அவர் பாணி. அதற்காகத்தான் பைன் மரத்தை ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிசாகச் சீவிப் பயன்படுத்தினார். அந்தச் சீவலில் தேய்த்து எடுக்க எதுவுமே கிடையாது. வார்னிஷ் அடித்தால் பட்டைக்குப் பட்டை திட்டுத்திட்டாக நிறம் மாறி, ஒளி மங்கிவிடும். பைன் மரம் வெளிச்சம் பட்டுப் பழுப்பேறுவது இயல்புதான். விளக்கைப் போட்டுப் பாருங்கள், அந்தப் பழுப்புதான் தேன் நிறமாக ஒளிரும். எனக்கு இந்த விளக்குகளில் மிகவும் பிடித்ததே அதுதான்.

உண்மையான எதிரி சூடு. பழைய குண்டு பல்புகள் பட்டைகளை உலர்த்தி நொறுங்க வைத்துவிடும். அதனால் எல்இடி மட்டும் போடுங்கள்: நிறம் 2700 கெல்வின், அதாவது இளமஞ்சள் வெளிச்சம்; பிரகாசம் சுமார் 470 லூமென், அதாவது பழைய 40 வாட் அளவு. சி.ஆர்.ஐ. (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்ற அளவு) 90-க்கு மேல் இருந்தால் மரத்தின் செம்மை சரியாகத் தெரியும். இன்னொன்று, பலர் கவனிக்காதது: பாதி உடல் பிளாஸ்டிக்காக இருக்கும் எல்இடி பல்பு ஒரு பக்கம்தான் ஒளி வீசும், ஷேடின் மேல்பாதி இருண்டு கிடக்கும். நாலாபுறமும் ஒளி தரும் ஃபிலமென்ட் எல்இடி வகையை, பால்நிறக் கண்ணாடியில் வாங்குங்கள். தெளிந்த கண்ணாடி என்றால் பட்டைகளின் நிழல் சுவரெல்லாம் கோடு போடும்.

தூசியை உலர்ந்த மென்மையான பிரஷால் பட்டையின் நீளவாக்கில் தட்டிவிட்டால் போதும். ஈரத்துணி பட்டால் சீவல் ஊறி வளைந்துகொள்ளும். கழன்ற பட்டைக்குத் துளி மரப்பசை வைத்து, காயும்வரை கிளிப் போட்டுப் பிடியுங்கள்.

அப்புறம் வயர். அது விறைத்திருந்தாலோ வெடித்திருந்தாலோ, எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து வயரையும் ஹோல்டரையும் மாற்றும்வரை விளக்கைப் போடாதீர்கள். அவர் வேலை செய்யும்போது அந்த ஸ்டிக்கரைக் கிழித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நாளை விற்க நினைத்தால் வாங்குபவர் முதலில் தேடுவது அதைத்தான்.