காருக்கு அடியில் ஒரு ரூபாய்

கேள்வி: சார், காரைக் கொண்டுபோய் நிறுத்தினாலே வயர் இல்லாமல் சார்ஜ் ஏறுகிற பலகையை ஒரு வீடியோவில் பார்த்தேன். எங்கள் வாசலில் ஆணி, ஊக்கு, சில்லறை என்று ஏதாவது கிடந்துகொண்டே இருக்கும். பலகை மேல் அது விழுந்தால் என்ன ஆகும்? செல்போன் சார்ஜர் மாதிரி அதுவே கண்டுபிடித்து நின்றுவிடாதா?
- வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: சூடாகும். வீட்டில் இண்டக்‌ஷன் அடுப்பு இருந்தால் பாதி பதில் சமையல்கட்டிலேயே இருக்கிறது, அங்கே நெருப்பே கிடையாது, மேலே வைத்த பாத்திரம்தான் தானாகச் சூடேறுகிறது. கார்களுக்கான ஜே2954 தரநிலைப்படி இந்தப் பலகை 85 கிலோஹெர்ட்ஸ் அளவில், 11 கிலோவாட் வரை வேலை செய்யும். அந்தக் காந்தப்புலத்தில் மாட்டுகிற எந்த உலோகத்துக்குள்ளும் சுழல் மின்னோட்டம், அதாவது உள்ளேயே வட்டமடிக்கும் மின்சாரம், கிளம்பிவிடும், சூடு அதனால்தான். எனக்குக் காசைவிட சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித்தாள்தான் பயம், ஒட்டியிருக்கும் காகிதம் பற்றிக்கொள்ளலாம்.

செல்போன் வழி இங்கே எடுபடாது. போன் சார்ஜர் ‘நான் கொடுத்தது இவ்வளவு, போனுக்குப் போய்ச் சேர்ந்தது இவ்வளவு’ என்று கணக்குப் பார்க்கிறது, பத்துப் பதினைந்து வாட்டில் ஒரு வாட் காணாமல் போனால் உடனே தெரிந்துவிடும். காரில் வழக்கமான இழப்பே நூற்றுக்கணக்கான வாட், சில சமயம் ஆயிரத்தைத் தொடும். அதில் ஒரு காசு பத்து வாட்டைத் தின்றால் யாருக்குத் தெரியும்?

அதனால் பலகையின் மேல்பரப்பில் புள்ளிக்கோலம் மாதிரி சின்னச் சின்னக் காயில்களைப் பரப்பி வைக்கிறார்கள். இரண்டிரண்டாக எதிரெதிர்த் திசையில் சுற்றியிருப்பதால் ஒன்றில் எழும் வோல்டேஜை மற்றது அடித்துவிடும், மிச்சம் பூஜ்யம். ஒன்றின் மேல் ஊக்கு விழுந்தால் கணக்கு தப்பும், சார்ஜ் நிற்கும். ஆனால் அந்த ஊக்கு சரியாக இரண்டுக்கும் நடுவில் விழுந்தால்? இரண்டும் ஒரே அளவு கெடும், பூஜ்யம் பூஜ்யமாகவே இருக்கும்! இதற்காகவே இன்னொரு அடுக்கைக் கொஞ்சம் நகர்த்தி வைக்கிறார்கள். அப்புறம், காரைக் கோணலாக நிறுத்தினாலும் புலம் ஒரு பக்கம் கூடி ஒரு பக்கம் குறையும், இல்லாத ஊக்கு இருப்பதாகத் தெரியும். ரொம்பக் கூர்மையாக வைத்தால் நடுராத்திரி சும்மாவே நின்று காலையில் பேட்டரி பாதியில் இருக்கும், மந்தமாக வைத்தால் காசு காயும். என்னைக் கேட்டால் சும்மா நிற்பதே தேவலை.

கேள்வி: எங்கள் தெருப் பூனைகள் கார் அடியில்தான் தூங்கும். அவற்றையும் அந்தக் காயில் கண்டுபிடிக்குமா?
- வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: பிடிக்காதம்மா, அது உலோகத்துக்கு மட்டும்தான். பூனை ஊக்கு மாதிரி காயாது என்றாலும், அந்தப் புலத்துக்குள் உயிர்கள் படுத்திருக்கக் கூடாது என்பதால் அசைவைப் பார்க்கும் ரேடார் மாதிரி ஏற்பாடு தனியாக வேண்டும், ஏதாவது நுழைந்தால் சார்ஜை நிறுத்திவிடும். பூனைக்கு மணி மட்டும் கட்டிவிடாதீர்கள், அது உலோகம்.